கடிதத்தில் இருந்தது இன்டர்ன்ஷிப், நாங்கள் படித்தது வேலை: சேலம் மாணவி ஒருவரின் ஆறு மாதம்

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினித் துறையில் நான் ஆசிரியை. மாணவர்களின் இன்டர்ன்ஷிப் விவகாரங்களைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. பெரிய கம்பெனி ஒன்றில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்த எங்கள் மாணவி ஒருவரின் அனுபவத்தை அவர் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். மாணவி, கம்பெனி, கல்லூரி எதற்கும் பெயர் போடவில்லை. தவறு மாணவியிடம் கொஞ்சம், கம்பெனியிடம் கொஞ்சம், என்னிடம் நிறையவே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

மாணவியின் வீடு அம்மாபேட்டையில். முன்கட்டில் இரண்டு விசைத்தறி. பாவு நூலையும் ஊடை நூலையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றித் தறி ஓட்டுகிறார்கள். அண்ணன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறார். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவர்தான். கோடிங்கில் வகுப்பின் முதல் ஐந்து பேருக்குள் வருவார். ஆனால் வாய் திறந்து சந்தேகம் கேட்க மாட்டார். மூன்றாம் ஆண்டிலேயே இதைக் கவனித்திருந்தேன். அமைதியான பெண் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஏழாம் பருவத்தில் அந்தக் கம்பெனி ஆன்லைன் தேர்வு வைத்தது. அப்புறம் இரண்டு நேர்காணல். எங்கள் கல்லூரியிலிருந்து தேறியவர் இவர் ஒருவர்தான். கடிதம் நான்கு பக்கம். ஜனவரி முதல் ஜூன் வரை. மாதம் 25,000 ரூபாய் ஸ்டைபெண்ட். முதல் ஆறு வாரம் வீட்டிலிருந்து, மீதி பெங்களூரு அலுவலகத்தில். வேலை விவரம் எதையும் வெளியே சொல்லக் கூடாது. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: பயிற்சி முடிந்ததும் வேலை தருவதாக இந்தக் கடிதம் எந்த உறுதியும் அளிக்கவில்லை.

அந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் என்ஓசியில் (கல்லூரிக்கு ஆட்சேபணை இல்லை என்ற சான்றில்) கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்காகக் கல்லூரிக்கு வந்திருந்த அவருடைய அப்பா, "ஏனுங்க மேடம், பொண்ணுக்கு வேலை ஆயிருச்சுன்னு தறி முதலாளிகிட்டச் சொல்லிட்டனுங்க" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் திருத்தவில்லை. திருத்த மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். பாதி நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன் என்பது இன்னொன்று.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பெற்றோர் பலரும் எல்லாப் பயிற்சியையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். அப்ரன்டிஸ் என்பது 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. அதற்குத் தனி ஒப்பந்தம், தனிப் பதிவு. 2024-ல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வேறு. தொடங்கியபோது வகுத்த விதிப்படி 21 முதல் 24 வயதுக்குள் இருக்க வேண்டும், முழுநேரப் படிப்பில் இருப்பவர்கள் சேர முடியாது. எங்கள் மாணவிக்கு வந்தது இரண்டும் இல்லை. கம்பெனி தானாகக் கொடுக்கும் இன்டர்ன்ஷிப், கடிதத்தில் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான்.

ஜனவரி: பெயர் படுத்திய பாடு

லேப்டாப் கூரியரில் வந்தது, ஒரு வாரம் தாமதமாக. வந்த பிறகும் வேலை தொடங்கவில்லை. கம்பெனியின் உள் வலைக்குள் நுழையும் விபிஎன் இணைப்புக்கு ஒரு டிக்கெட் (கணினியில் பதியும் கோரிக்கை அல்லது வேலைக் குறிப்பு), கோட் இருக்கும் இடத்தைத் திறக்க ஒன்று, டெஸ்ட் சர்வருக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் ஒப்புதல் தர வேண்டும்; அந்த ஒருவர் பொங்கல் விடுமுறையில் இருந்தார். நடுவில் கட்டாயப் பயிற்சி வீடியோக்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் பற்றிய வீடியோவைச் சம்பிரதாயம் என்று மாணவர்கள் ஓட்டிவிடுகிறார்கள். அதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: 2013-ம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களையும் ஊழியர் என்றே கணக்கில் எடுக்கிறது. இன்டர்னாக இருந்தாலும் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

மூன்று வாரம் இப்படியே போனது. மாணவி எனக்கு அனுப்பிய செய்தி: "மேடம், எனக்கு மட்டும்தான் இன்னும் வேலை குடுக்கல போல. பிடிக்கலையோ?" பெரிய கம்பெனியில் இது வழக்கமான தாமதம்தான். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது அந்த வீட்டில் பிறந்தவருக்கு உறுத்தும். கடைசியில் சமாதானம் சொன்னது அப்பாதான். "புதுப் பாவு பிணைக்கிற அன்னைக்குத் தறி ஓடாதில்ல. அதுக்காக வேலை நடக்கலைன்னா சொல்லுவோம்?" நான் அனுப்பிய நீளமான பதிலைவிட இது அவருக்கு உதவியிருக்கிறது.

பெரிய தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. இவர் பெயரோடு ஒரே எழுத்தில் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால். வங்கி பாஸ்புக்கில் பின்னால். ஆதாரில் இனிஷியலே இல்லை. பேன் கார்டு விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். அதனால் அப்பாவின் முழுப்பெயர் இவருக்குக் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. கம்பெனியின் பதிவு பேன் கார்டைப் பார்த்துப் போட்டது. மெயில் முகவரி அப்பா பெயரோடு வந்தது. குழுவில் ஓரிருவர் முதல் இரண்டு வாரம் இவரை அப்பா பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். கூச்சத்தில் இவர் திருத்தவில்லை.

அதில் சிரிக்கலாம். ஸ்டைபெண்டில் சிரிக்க முடியவில்லை. வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று சம்பளப் பிரிவின் கணினி பணத்தை நிறுத்திவிட்டது. ஜனவரிப் பணம் மார்ச் முதல் வாரத்தில், பிப்ரவரிப் பணத்தோடு சேர்ந்துதான் வந்தது. அதற்குள் பெங்களூருவில் பிஜி விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. அப்பா தறி முதலாளியிடம் ஏற்கனவே வாங்கியிருந்த முன்பணத்தோடு மேலும் 15,000 வாங்கினார். கூலி நெசவில் முன்பணம் ஏறுவது என்றால் என்ன என்று அம்மாபேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதினோரு நாளில் ஒரு வரி

முதல் வேலை: ஒரு படிவத்தில் வரும் பிழைச் செய்தியில் ஒரு சொல்லை மாற்றுவது. அவ்வளவுதான். மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. அது உண்மையான பயன்பாட்டுக்குப் போய்ச் சேரப் பதினோரு நாள் ஆனது. முதலில் கோட் ரிவ்யூ. இருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒருவர், அதே செய்தி வேறு இரண்டு இடங்களில் வருகிறதே, அங்கே யார் மாற்றுவது என்று கேட்டார். இவர் அந்த இரண்டையும் மாற்றினார். கோட் சரியா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட்டுகள் பழைய சொல்லை எதிர்பார்த்திருந்ததால் உடைந்தன. அவற்றைச் சரிசெய்தார். பிறகு அடுத்த வெளியீட்டு நாள் வரும்வரை காத்திருப்பு.

கல்லூரியில் நாங்கள் சொல்லிக் கொடுப்பது கோட் எழுத. பிறர் எழுதிய கோடைப் படிக்க நாங்கள் சொல்லிக் கொடுப்பதே இல்லை. அங்கே பெரும்பாலான நேரம் படிப்பதில்தான் போகிறது, அதுவும் எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய்ப் பல வருடம் ஆன கோடை. இந்தப் பதினோரு நாளை மாணவி ஒரு தோல்வியாகத்தான் என்னிடம் சொன்னார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த மென்டர், ஸ்டாண்ட்-அப் எனும் தினசரிக் காலைக் குழுக் கூட்டத்தில், "முதல் மாற்றம் உள்ளே போயிருச்சு, வாழ்த்துகள்" என்று சொன்னதைக் கேலி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் நிஜமாகவே பாராட்டியிருக்கிறார்.

மென்டர் மதுரைப் பக்கத்துக்காரர், எட்டு வருட அனுபவம். அங்கே யாரையும் சார் என்று அழைக்கும் வழக்கம் இல்லை. "பேரைச் சொல்லியே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். மாணவிக்கு நா எழவில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, விளிக்காமலே விடுவது. செய்திகள் எல்லாம் தலையில்லாமல் தொடங்கும். ஒருவரை எப்படி விளிப்பது என்று தெரியாதபோது அவரிடம் உதவி கேட்பதும் தள்ளிப் போகிறது. அடுத்து நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி: எட்டு வேலை நாள்

இரண்டாம் வேலை கொஞ்சம் கனமானது. ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை பதிவாகியிருந்தால் கண்டுபிடிக்கும் பகுதியில் ஒரு திருத்தம். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இவர் எழுதியது லேப்டாப்பில் சரியாக ஓடியது. புதுக் கோடைத் தானாகச் சோதித்துப் பார்க்கும் கம்பெனியின் பைப்லைனில் ஏற்றினால் டெஸ்ட் விழுந்தது. திரும்ப ஓட்டினால் லேப்டாப்பில் சரி, அங்கே தவறு.

இப்படி எட்டு வேலை நாள். தினமும் காலை ஸ்டாண்ட்-அப்பில் "அதே டிக்கெட்தான் பார்த்துட்டிருக்கேன்" என்பார். தறிச் சத்தம் கேட்கும் என்று அந்த ஒரு வரிக்கு மட்டும் மைக்கைத் திறந்து உடனே மூடிவிடுவார். யாரும் மேலே கேட்கவில்லை. மென்டருக்கு ஒரு செய்தியை ஏழெட்டு முறை தட்டி அழித்ததாகப் பின்னால் சொன்னார். ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். "கேட்டா, இது கூடத் தெரியாமயா எடுத்தோம்னு நினைப்பாங்க மேடம்." எங்கள் வகுப்பறையில் சந்தேகம் கேட்பவரை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்பது அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

எட்டாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, தன் கோடில் சுமார் 40 வரியையும், டெஸ்ட்டுக்கான ஆறு வாடிக்கையாளர் பதிவுகளையும், பிழைச் செய்தியையும் எடுத்து, வெளியில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு ஏஐ சாட்பாட்டில் ஒட்டிக் கேட்டார். கம்பெனி லேப்டாப்பிலிருந்தே. கல்லூரியில் ஹோம்வொர்க்குக்குச் செய்ததைத்தான் செய்தார். கம்பெனிக்குள் பயன்படுத்த அனுமதித்த ஏஐ உதவி தனியாக இருந்தது. அதற்கும் ஒரு டிக்கெட் போட வேண்டும் என்பதும் அந்தப் பயிற்சி வீடியோக்களில் ஒன்றில்தான் வந்திருக்கிறது.

மறுநாள் காலை பாதுகாப்புப் பிரிவிலிருந்து மெயில்: கம்பெனித் தகவல் வெளித்தளத்துக்குப் போயிருக்கிறது, விளக்கம் தேவை.

அந்த இரவு எடுத்த முடிவு

பகல் முழுக்க மெயிலுக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டு இரவு எட்டரைக்கு என்னை அழைத்தார். மொட்டைமாடியிலிருந்து பேசினார்; கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. நண்பர்கள் இரண்டு யோசனை கொடுத்திருந்தார்கள். ஒன்று, சாட்பாட்டில் உரையாடலை அழித்துவிடு. இரண்டு, தம்பி விளையாட்டாகத் தொட்டுவிட்டான் என்று சொல். தம்பியே கிடையாது.

நான் இரண்டும் வேண்டாம் என்றேன். எது போனது என்பது கம்பெனியின் பதிவில் ஏற்கனவே இருக்கிறது. அழித்தால் அழித்ததும் பதிவாகும். நடந்ததை மணி வாரியாக ஒரு தாளில் எழுதச் சொன்னேன். என்ன சிக்கல், எத்தனை நாள், எதை ஒட்டினேன், எந்தத் தளம், ஏன். மன்னிப்பு கடைசியில் ஒரு வரி போதும், முதலில் விவரம். மெயில் போடும் முன்பு மென்டரைப் போனில் அழைத்துச் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புப் பிரிவு சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கல்லூரி சார்பில் நானே அழைத்துப் பேசலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் நடுவில் புகுந்தால் அது கல்லூரிக்கும் கம்பெனிக்கும் இடையிலான விவகாரமாக மாறும். அவர் பேச வேண்டியதை நான் பேசியது போலவும் ஆகும். இன்டர்ன்ஷிப்பை நிறுத்துகிறோம் என்று வந்தால் அப்போது பேசலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மென்டரை அழைத்திருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு, "சரி. மெயிலை இப்பவே போடுங்க, மேனேஜருக்கும் எனக்கும் சேர்த்து. அப்புறம் அந்த டெஸ்ட்டைத் திறங்க, பார்ப்போம்." திரையைப் பகிர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க லேப்டாப் எந்த நேரத்துல ஓடுது?"

அதுதான் விஷயம். டெஸ்ட் பதிவுகளில் பிறந்த தேதி, இந்திய நேரம் நள்ளிரவு 00:00 என்று நேரத்தோடு சேர்ந்து இருந்தது. லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடுவதால் தேதி 15 என்றால் 15 என்றே வந்தது. பைப்லைன் சர்வர் ஓடுவது யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில், ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே அதே கணம் 14-ம் தேதி மாலை 6:30. தேதி ஒரு நாள் பின்னால் போனதால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிட்டார். மென்டருக்கு இது பிடிபட நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் தன் முதல் வருடத்தில் இதே பள்ளத்தில் விழுந்தவர். எட்டு நாளையும் நான்கு நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது என்றார் மாணவி.

கம்பெனி அவருடைய அனுமதிகளை இரண்டு வேலை நாள் நிறுத்திவைத்தது. போன ஆறு பதிவுகளும் டெஸ்ட்டுக்காகக் கற்பனையாக உருவாக்கியவை என்று உறுதியானது. பாதுகாப்புப் பயிற்சியைத் திரும்ப முடிக்கச் சொன்னார்கள். எழுத்தில் ஒரு எச்சரிக்கை. மேனேஜர் குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னாராம்: உண்மையான வாடிக்கையாளர் விவரமாக இருந்திருந்தால் இன்றோடு முடிந்திருக்கும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். அவர் சொன்னதில் மிகை இல்லை.

பெங்களூரு

பிப்ரவரி கடைசியில் பெங்களூரு போனார். சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழாமல் இருந்தால் நான்கைந்து மணி நேரத்தில் போய்விடலாம். பிஜி வாடகை சாப்பாட்டோடு 9,500. அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகு நிலைமை மாறியது. மென்டர் பக்கத்து மேசையில் இருந்தார். நாற்காலியைத் திருப்பினால் கேட்டுவிடலாம். தலைப்பு போட்டுச் செய்தி அடிக்க வேண்டியதில்லை.

மார்ச் நடுவில் இடைக்கால மதிப்பீடு. வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் என்ன செய்கிறார் என்று குழுவுக்குத் தெரிவதில்லை என்றார்கள். மென்டரும் இவரும் பேசி இரண்டு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அரை நாள் ஒரே இடத்தில் நின்றால் கேட்டுவிட வேண்டும், கேட்கும்போது இதுவரை என்னென்ன முயன்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து வரியில் ஒரு குறிப்பு: முடிந்தது, நிற்பது, தெரியாதது. முதல் குறிப்பில் "தெரியாதது" என்ற இடத்தை வெற்றாக விட்டிருந்தார். மென்டர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏப்ரலில் அதே டிக்கெட்டின் தொடர்ச்சியில் ஒன்றைக் கவனித்தார். கடைசிப் பெயர் இருந்தே தீரும் என்று நம்பி எழுதிய கோட் அது. தமிழ்நாட்டுப் பதிவுகளில் கடைசிப் பெயர் கட்டத்தில் வெறும் 'எஸ்' என்றோ 'கே' என்றோ இருக்கும். சம்பந்தமே இல்லாத இரண்டு பேருக்கு ஒரே இனிஷியல் இருந்தால் பொருத்தம் கூடியது. ஒரே ஆள் ஓரிடத்தில் இனிஷியலும் இன்னோரிடத்தில் அப்பாவின் முழுப்பெயரும் போட்டிருந்தால் பொருத்தம் குறைந்தது. தன் சான்றிதழ், பாஸ்புக், ஆதார், பேன் கார்டு நான்கிலும் தன் பெயர் நான்கு விதமாக இருப்பதை, பெயரை மட்டும் மாற்றி, எடுத்துக்காட்டாக வைத்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். குழு அதிலிருந்து பன்னிரண்டு டெஸ்ட் எடுத்துக்கொண்டது. விதியை மாற்றுவதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அது நடந்ததா என்று பார்க்க இவர் அங்கே இல்லை.

கல்லூரி செய்தது

இப்போது எங்கள் பக்கம்.

எட்டாம் பருவத்தில் ப்ராஜெக்ட் கட்டாயம். ரிவ்யூக்கள் உண்டு, கடைசியில் வெளித்தேர்வர் முன் வைவா. இன்டர்ன்ஷிப் வேலையையே ப்ராஜெக்டாகக் கணக்கில் எடுப்போம் என்று சொல்லியிருந்தோம். முதல் ரிவ்யூவில் எங்கள் குழு கேட்டது: கோட் எங்கே, ஸ்க்ரீன்ஷாட் எங்கே? வெளியே காட்ட மாட்டேன் என்று கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காட்டாவிட்டால் இங்கே மதிப்பெண் போகும். பாதுகாப்புப் பிரிவின் எச்சரிக்கை வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம் அது. என் சக ஆசிரியர் ஒருவர், "ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்தானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். தெரியும் என்று எனக்கு அப்போது நன்றாகவே தெரிந்திருந்தது.

முடிவில் இப்படிச் செய்தோம். சிக்கலின் பொது வடிவத்தை மட்டும் எடுத்து, கற்பனைப் பதிவுகளை வைத்து, வீட்டுக் கணினியில் தனியாக ஒரு சிறிய மாதிரியை மாணவி எழுதினார். அறிக்கையைக் கல்லூரிக்குக் கொடுக்கும் முன் மேனேஜர் படித்து ஒப்புதல் மெயில் அனுப்பினார். வைவாவில் நன்றாகவே போனது. ஆனால் இரண்டு வேலை செய்ய வைத்துவிட்டோம். மே மாதத்தின் சனி ஞாயிறு எல்லாம் அதற்கே போனது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. எங்கள் பிளேஸ்மென்ட் விதிப்படி, பெரிய கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்தவர் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் மற்ற கம்பெனிகளின் தேர்வுகளில் (டிரைவ்) உட்கார முடியாது. ஒருவருக்கு ஒரு வாய்ப்பு, மற்றவர்களுக்கும் வழி வேண்டும் என்ற நியாயம். மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டு கம்பெனிகள் கல்லூரிக்கு வந்தன. மாணவி போனில் கேட்டார்: "மேடம், நானும் எழுதட்டுமா?" நான் சொன்னது இது: "உனக்கு எதுக்கும்மா? நீதான் பெரிய இடத்துல இருக்கியே. மத்த பிள்ளைங்க எழுதட்டும்."

கேள்வி கேட்கவே தயங்குபவர் கேட்ட கேள்வி அது. மூன்றாம் பக்கத்து வரியைப் படித்திருந்த நான் கொடுத்த பதில் இது.

முடிவு

ஜூன் இரண்டாம் வாரம் இருபது நிமிட அழைப்பு ஒன்றில் சொல்லிவிட்டார்கள். மதிப்பீடு நன்று, ஆனால் வேலை ஆஃபர் இல்லை. அந்தக் குழுவில் நான்கு இன்டர்ன்கள்; ஒருவருக்கு மட்டும்தான் இடத்துக்கு அனுமதி வந்தது. பிப்ரவரி எச்சரிக்கையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று மேனேஜர் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரிய வழியில்லை. ஆஃபர் கிடைத்தவர் இவரைவிடத் திறமைசாலி என்று மாணவியே சொல்கிறார். இருக்கலாம். இடம் இரண்டு என்றால் கதை வேறு என்பதும் உண்மை.

அப்பாவுக்குப் புரிய வைக்க நான் அம்மாபேட்டை போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அப்போ அது வேலை இல்லீங்களா மேடம்?" என்று மட்டும்தான் கேட்டார். ஜனவரிக்கு முன்பே என்னிடம் பதில் இருந்த கேள்வி.

ஜூலை முதல் நான்கு மாதம் வீட்டில் இருந்தார். சும்மா இல்லை, விண்ணப்பம், ஆன்லைன் தேர்வு, பகலில் அம்மாவுக்கு மாற்றாகத் தறி. மென்டர் தனக்குத் தெரிந்த மூன்று இடங்களுக்குப் பரிந்துரைத்தார். நவம்பரில் கோயம்புத்தூரில் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். நேர்காணலில் கடினமான பிழை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு ஐந்தரை மணி நேரக் கதையைச் சொல்லியிருக்கிறார், சாட்பாட் பகுதி உட்பட. சம்பளம், மார்ச்சில் எங்கள் கல்லூரிக்கு வந்த கம்பெனி கொடுத்ததைவிடச் சற்று அதிகம். ஸ்டைபெண்டில் மிச்சம் பிடித்ததில் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் 40,000 அடைந்திருக்கிறது.

என்ன மாறியது, எது மாறவில்லை

டிரைவ் விதியை மாற்றிவிட்டோம். கையில் எழுத்துப்பூர்வமான வேலை ஆஃபர் இருந்தால்தான் ஒதுங்க வேண்டும். இன்டர்ன்ஷிப் கணக்கில் வராது. துறைக்கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டிலேயே நான்கு ஆவணங்களையும் கொண்டுவரச் சொல்லிப் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். முதல் முறை பார்த்தபோது வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பொருந்தவில்லை. பேன் கார்டும் வங்கிக் கணக்கும் ஒன்றாக இருந்தால் முதல் மாதச் சிக்கல் பெரும்பாலும் தீரும். திருத்த வாரக்கணக்கில் ஆகிறது, அதனால் கடிதம் வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

இன்டர்ன்ஷிப் கடிதத்தைப் பெற்றோரை உட்காரவைத்துத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டுகிறோம். முதல் மாதம் பணம் வராமல் போகலாம், முன்பணம் எவ்வளவு தேவைப்படும், முடிவில் வேலைக்கு உறுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்கிறோம். இப்படிச் சொன்ன பிறகு ஒரு குடும்பம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அது அவர்கள் உரிமை.

ஆய்வகத்தில் இப்போது பழைய மாணவர்களின் கோடைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்கிறேன். அரை மணி நேரம் நின்றால் எழுந்து கேட்க வேண்டும். கேட்டதற்கு மதிப்பெண் உண்டு. கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கிறது. பலனை இரண்டு வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும்.

ப்ராஜெக்ட் அறிக்கை விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது. ரகசிய ஒப்பந்தம் போட்ட மாணவருக்கு மாற்று வடிவம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. வைவாவுக்கு வரும் தேர்வரைப் பொறுத்து ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது.

இதை எழுதி முடித்து மாணவிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து அழைத்தார். என்னைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், குறைக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்: "ஒன்பது நாள்னு போட்டிருக்கீங்க மேடம், எட்டுதான். ஒரு நாள் எங்க பக்கம் மாசாந்திர ஷட்டவுன், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இல்ல, அன்னைக்கு லீவு சொல்லிட்டேன்." அதைத் திருத்திவிட்டேன்.